பெர்கமாட் டீ: எண்ணெய் வாங்குவது முதல் கோப்பையில் ஊற்றுவது வரை

எர்ல் கிரே என்ற மணமூட்டிய டீக்கு அதன் வாசத்தைக் கொடுப்பது பெர்கமாட் என்ற பழத்தின் தோலில் இருக்கும் எண்ணெய். தேயிலை நாம் தினமும் குடிக்கிற கறுப்புத் தேயிலைதான். காய்ந்த இலையில் இந்த எண்ணெயைக் கலந்து, சில நாள் மூடி வைத்து, இலை வாசத்தை இழுத்துக்கொண்டதும் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் இந்த எண்ணெய் சூட்டில் சட்டென்று பறந்துவிடும், காற்றுப் பட்டால் கெட்டுவிடும், ஒரு சொட்டு கூடினாலும் டீ சோப்பு மாதிரி ஆகிவிடும். கீழே சொல்லியிருக்கும் அளவுகளும் எச்சரிக்கைகளும் எல்லாம் இந்த மூன்றிலிருந்து வருபவை.

பழமும் அதன் ஊரும்

பெர்கமாட் ஆரஞ்சு அளவில் இருக்கும். பச்சையாக இருந்து, பழுக்கும்போது மஞ்சளாகும். கசப்பு ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்து உருவான இனம் அது. சுளையைச் சும்மா உரித்துத் தின்ன முடியாது. புளிப்போடு கசப்பும் இருக்கும். மதிப்பெல்லாம் தோலுக்குத்தான்.

உலகில் கிடைக்கும் பெர்கமாட் எண்ணெயில் மிகப் பெரும்பங்கு இத்தாலியின் தென்கோடியில் உள்ள கலாப்ரியாவிலிருந்து, அதிலும் ரெஜ்ஜோ கலாப்ரியா நகரைச் சுற்றியுள்ள குறுகலான கடலோரப் பகுதியிலிருந்து வருகிறது. ஐவரி கோஸ்ட், துருக்கி, அர்ஜென்டினா ஆகிய நாடுகளிலும் கொஞ்சம் விளைகிறது. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை அறுவடை. பருவத் தொடக்கத்தில் பிழியும் எண்ணெய் நல்ல பச்சையாக இருக்கும், பழம் முற்ற முற்ற மஞ்சளும் பழுப்புமாக மாறும். ஆகவே ஒரு பாட்டில் பச்சையாகவும் இன்னொன்று தேன் நிறத்திலும் இருந்தால் அதை வைத்து மட்டும் கலப்படம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

பழைய காலத்தில் தோலைக் கடற்பஞ்சின்மேல் வைத்துக் கையால் அழுத்தி, பஞ்சு உறிஞ்சிய எண்ணெயைப் பிழிந்து எடுத்தார்கள். 1844இல் நிக்கோலா பாரில்லா என்பவர் இதற்கு ஒரு இயந்திரம் செய்த பிறகுதான் உற்பத்தி பெருகியது. இப்போதும் சூடு காட்டாமல் தோலை உரசித்தான் எடுக்கிறார்கள். 1 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 200 கிலோ பழம் வேண்டும். எண்ணெயின் விலைக்கும், சந்தையில் போலிகள் குவிந்து கிடப்பதற்கும் காரணம் இதுதான்.

டீக்குள் எப்படி வந்தது

சார்ல்ஸ் கிரே, இரண்டாம் எர்ல் கிரே (எர்ல் என்பது பிரிட்டிஷ் பிரபுப் பட்டம்), 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமர். ஒரு சீன அதிகாரியின் மகனைக் காப்பாற்றியதற்குக் கைம்மாறாக இந்த டீயின் செய்முறை அவருக்குக் கிடைத்தது என்று டப்பாக்களில் அச்சிட்டிருப்பார்கள். நம்ப இடமில்லை. கிரே சீனாவுக்குப் போனதே இல்லை. சீனர்கள் மல்லிகையால் தேயிலைக்கு மணமூட்டினார்கள், பெர்கமாட்டால் அல்ல.

பதிவில் இருப்பது வேறு. மட்டமான தேயிலையைத் தேற்ற பெர்கமாட் பயன்பட்டது பற்றி 1820களிலேயே இங்கிலாந்தில் எழுதியிருக்கிறார்கள். 1837இல், உள்நாட்டிலேயே பெர்கமாட் ஏற்றிய டீயை விற்றதாக ஒரு நிறுவனத்தின்மேல் குற்றச்சாட்டும் வந்தது. பிறகு ‘கிரே மிக்சர்’ என்ற பெயரில் விளம்பரங்கள் வந்தன. அதோடு ‘எர்ல்’ பட்டம் சேர்ந்தது 1880களில்தான். விலை குறைந்த இலையை மறைக்க வந்த வாசம் பின்னால் மேட்டுக்குடிப் பானமாகிவிட்டது. இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு: இன்றைக்கும் மட்டமான இலையின்மேல் நிறைய வாசனையைக் கொட்டி விற்பது நடக்கிறது. பாக்கெட்டைப் பிரித்ததும் மூக்கைத் துளைக்கிற டீ நல்ல டீயாக இருப்பது அபூர்வம்.

எந்த எண்ணெய் வாங்குவது

கடையில் பெர்கமாட் என்ற பெயரில் மூன்று விதமான பாட்டில்கள் கிடைக்கும்.

முதல் வகை, சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்ய விற்கும் வாசனை எண்ணெய். அதைத் தொடவே வேண்டாம். அதில் என்ன கரைப்பான் இருக்கிறது என்று லேபிள் சொல்லாது. இரண்டாவது, மசாஜுக்கும் அரோமாதெரபிக்கும் விற்பது. அசல் எண்ணெயாகவே இருக்கலாம். ஆனால் உணவுக்கு உகந்தது என்று எழுதியிருந்தாலொழிய டீயில் சேர்க்கக் கூடாது. சிலர் அதை வேறு எண்ணெயில் கலந்து நீர்க்க வைத்தும் விற்கிறார்கள். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு ஒரு நாள் வைத்துப் பாருங்கள். பெர்கமாட் பெரும்பாலும் ஆவியாகிப் போகும், மங்கலான மஞ்சள் கறை மட்டும் தங்கலாம். எண்ணெய்ப் பலகாரம் வைத்த தாள் போல ஒளி ஊடுருவும் பிசுக்கு வட்டம் நின்றால் அதில் வேறு எண்ணெய் இருக்கிறது.

நமக்கு வேண்டியது மூன்றாவது: உணவுத் தரம் என்று குறிப்பிட்டு, குளிர்முறையில் பிழிந்தது, சிட்ரஸ் பெர்கமியா என்ற தாவரப் பெயர், விளைந்த நாடு, தயாரித்த தேதி எல்லாம் எழுதியிருக்கும் பாட்டில். ரெஜ்ஜோ கலாப்ரியா எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊர்ப் பெயர்ப் பாதுகாப்பு இருக்கிறது. அந்த முத்திரை இருந்தால் நல்லது, விலையும் அதற்கேற்ப இருக்கும். 5 அல்லது 10 மி.லி. பாட்டில் போதும். பெரிய பாட்டில் வாங்கினால் பாதி தீருவதற்குள் கெட்டுப்போகும்.

பெர்கமாட் எண்ணெயில் முக்கியமாக இருப்பவை லிமோனீன், லினலைல் அசிட்டேட், லினலூல். முதலாவது எல்லா எலுமிச்சை இனத் தோலிலும் இருப்பது. பின்னவை இரண்டும் லாவெண்டரிலும் உண்டு. எலுமிச்சையும் பூவும் சேர்ந்தது போல மணக்கக் காரணம் இந்தச் சேர்க்கை. ஆலையில் செய்த லினலைல் அசிட்டேட்டையும் மலிவான ஆரஞ்சு எண்ணெயையும் கலந்தால் மேலோட்டமாக இதே வாசம் வந்துவிடும். ஆனால் முகர்ந்து பார்த்தால் ஒரே சீராக, சென்ட் மாதிரி இருக்கும். அசலில் முதலில் பச்சைத் தோலைக் கிள்ளிய காரம், அடுத்து பூ மணம், கடைசியில் லேசான கசப்பு என்று படிப்படியாக மாறும்.

இரண்டு பெயர்க் குழப்பங்களையும் கவனியுங்கள். மொனார்டா என்ற அமெரிக்கச் செடியையும் பெர்கமாட் என்பார்கள். அது துளசிக் குடும்பத்து மூலிகை. தாய்லாந்துப் பொருட்களில் பெர்கமாட் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் கஃபிர் லைம் என்கிற, இலைக்காகச் சமையலில் சேர்க்கும் சுருக்கத் தோல் எலுமிச்சை. தாவரப் பெயரைப் பார்த்து வாங்கினால் இந்தச் சிக்கல் வராது.

எந்தத் தேயிலை

நம் ஊர் டீக்கடையில் போடும் சிடிசி குருணையும் டஸ்ட்டும் இதற்கு ஏற்றவை அல்ல. அவற்றிலிருந்து கடுப்பும் நிறமும் ஒரு நிமிடத்தில் இறங்கி, வாசத்தை அமுக்கிவிடும். முழு இலை அல்லது உடைத்த இலையாக வரும் ஆர்தடாக்ஸ் தேயிலையை வாங்குங்கள். பாக்கெட்டில் ஓ.பி. அல்லது பி.ஓ.பி. என்று இருக்கும்.

பழைய கலவைகளில் சீனாவின் கீமுன் தேயிலை அதிகம். இப்போது இலங்கைத் தேயிலையும் நீலகிரித் தேயிலையும் எர்ல் கிரேயில் பரவலாகப் போகின்றன. மலையகத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் தோட்டங்களின் இலை, கலாப்ரியாவின் எண்ணெயோடு சேர்ந்து லண்டன் பெயரில் விற்பனையாகிறது. தொடக்கத்துக்கு எங்கள் பரிந்துரை இலங்கையின் திம்புள்ள பகுதித் தேயிலை அல்லது நீலகிரி ஆர்தடாக்ஸ். இரண்டுக்கும் தெளிவான நிறமும், நாக்கைச் சுண்டும் ஒரு துடிப்பும் உண்டு, பெர்கமாட்டுக்கு அது ஒத்துப்போகும். டார்ஜிலிங்கின் முதல் பறிப்பு, நுவரெலியாவின் மெல்லிய இலை போன்றவற்றை இதற்கு எடுக்காதீர்கள். அவற்றின் சொந்த மணமே விலை கொடுத்து வாங்கத் தக்கது, அதன்மேல் எண்ணெய் ஊற்றுவது வீண். புகை வாசமுள்ள தேயிலையும் வேண்டாம்.

கலப்பது

வேண்டியவை: 100 கிராம் தேயிலை, பெர்கமாட் எண்ணெய், டிராப்பர், இறுக மூடும் கண்ணாடி ஜாடி ஒன்று (தேயிலை முக்கால் பாகத்துக்கு மேல் நிரம்பாத அளவில்), ஒரு எவர்சில்வர் கரண்டி. எல்லாம் ஈரமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். ஊறுகாய் வைத்திருந்த ஜாடி எவ்வளவு கழுவினாலும் உதவாது.

கண்ணாடி ஜாடி என்று சொல்வது சும்மா இல்லை, பிளாஸ்டிக் டப்பா கூடாது. லிமோனீன் பல பிளாஸ்டிக்குகளைத் தின்னும். தெர்மோகோல் துண்டில் ஒரு சொட்டு விட்டால் அந்த இடம் கரைந்து குழியாவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அளவு: 100 கிராமுக்கு 10 சொட்டு. எடையில் ஏறத்தாழ 0.4 கிராம், அதாவது தேயிலையின் நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவு. 100 கிராமில் 40 கோப்பை டீ போடலாம், எனவே ஒரு கோப்பைக்குக் கால் சொட்டுதான் வருகிறது. போட்ட டீயில் நேராக ஒரு சொட்டு விடுவது ஏன் தவறு என்பது இதிலேயே தெரியும்: அது தேவைபோல நான்கு மடங்கு. போதாததற்கு எண்ணெய் நீரில் கரையாது, மேலே மிதந்து உதட்டையும் நாக்கையும் சுடும்.

1. தேயிலையில் இரண்டு மேசைக்கரண்டி, சுமார் 10 கிராம், தனியே ஜாடியில் போடுங்கள்.

2. பத்துச் சொட்டையும் ஒரே இடத்தில் விடாமல், ஜாடியைச் சுழற்றிக்கொண்டே இலையின் மேல் பரவலாக விடுங்கள். உடனே மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள்.

3. பத்து நிமிடம் கழித்து, அதே அளவு தேயிலையை மேலும் சேர்த்துக் குலுக்குங்கள். பிறகு அதுபோல் இரண்டு மடங்கு, அடுத்து மிச்சம் முழுவதும். இப்படிப் படிப்படியாகப் பெருக்கினால்தான் 0.4 கிராம் எண்ணெய் 100 கிராம் இலையில் ஒரே சீராகப் பரவும். மொத்தத்தையும் கொட்டி நடுவில் எண்ணெய் விட்டால் ஒரு கோப்பை சென்ட்டாகவும் அடுத்தது வெறும் டீயாகவும் வரும்.

4. ஜாடியை இருட்டான, சூடு படாத அலமாரியில் வையுங்கள். அடுப்புக்கு மேல் தட்டு கூடாது. காலையும் மாலையும் ஒருமுறை குலுக்குங்கள், திறக்காதீர்கள்.

5. ஒரு நாளில் குடிக்கலாம். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வாசம் இலையோடு ஒட்டி, முனை மழுங்கி, நன்றாகிவிடும். முதல் நாள் டீயைக் குடித்துவிட்டு அளவைத் தீர்மானிக்காதீர்கள். அன்றைக்கு எப்போதும் தூக்கலாகவே இருக்கும்.

டிராப்பருக்கு டிராப்பர் சொட்டு மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1 மி.லி.க்கு 20 முதல் 25 சொட்டு என்பது பொதுவான கணக்கு. 0.01 கிராம் காட்டும் சிறு தராசு இருந்தால் சொட்டை விட்டுவிட்டு எடையை நம்புங்கள். முதல் தடவை 25 கிராம் தேயிலையில் இரண்டு சொட்டு என்று சிறிதாகச் செய்து பார்ப்பது நல்லது. குறைந்தால் எண்ணெய் கூட்டலாம். கூடிவிட்டால் ஒரே வழி, இன்னும் தேயிலை சேர்ப்பதுதான்.

சில பாக்கெட்டுகளில் நீல இதழ்கள் கிடக்கும். அவை கார்ன்பிளவர் பூ. பார்வைக்குத்தான், ருசிக்கு ஒன்றும் சேர்க்காது.

டீ போடுவது

200 மி.லி. தண்ணீருக்கு 2.5 கிராம் இலை, அதாவது குவிக்காத ஒரு டீஸ்பூன். தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, அரை நிமிடம் பொறுத்து இலைமேல் ஊற்றி, உடனே மூடுங்கள். மூடாமல் வைத்தால் ஆவியோடு வாசமும் போய்விடும். மூன்று நிமிடம், அதிகபட்சம் நான்கு. வடிகட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் தேயிலையின் கடுப்போடு தோல் எண்ணெயின் கசப்பும் சேர்ந்து தொண்டையில் நிற்கும்.

நம் பழக்கத்தில் இரண்டை இங்கே விட வேண்டும். ஒன்று, பாத்திரத்தில் இலையைப் போட்டு அடுப்பிலேயே கொதிக்க வைப்பது. இரண்டு, டம்ளரில் தூக்கி ஆற்றுவது. மசாலா டீக்கு இவை பொருந்தும். ஏலக்காயும் இஞ்சியும் கொதியைத் தாங்கி நின்று சாறு இறக்கும். பெர்கமாட்டின் வாசம் இலையின் மேலோட்டத்தில் இருப்பதால், முதல் கொதியிலேயே சமையலறை முழுக்க மணக்கும், கோப்பையில் ஒன்றும் இருக்காது.

தண்ணீர் கடினமாக இருந்தால் டீயின் மேல் மெல்லிய ஆடை படரும், நிறம் மங்கும், வாசமும் எழாது. போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் வடிகட்டிய தண்ணீரே நல்லது.

எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நிறம் வெளுக்கும், அதன் புளிப்பு மணம் பெர்கமாட்டை மூடிவிடும். வேண்டுமானால் மெல்லிய ஒரு துண்டு மட்டும் மிதக்க விடலாம். ஐஸ் டீக்கு, 1 லிட்டர் குளிர்ந்த நீரில் 8 முதல் 10 கிராம் இலையைப் போட்டு மூடி, எட்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து வடிகட்டுங்கள். சூடே படாததால் கடுப்பு குறைந்து, மணம் முழுதாகக் கிடைக்கும். வெயில் காலத்தில் இதைவிட நல்ல வழி இல்லை.

பால் சேர்க்கலாமா?

தாராளமாக. பெர்கமாட் எண்ணெயில் புளிப்பு அமிலம் இல்லை, அதனால் பால் திரியாது. சாறு சேர்த்தால்தான் திரியும். ஆனால் பாலின் கொழுப்பு வாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மூக்குக்கு எட்டுவது குறையும். எனவே பால் டீக்காகவே கலப்பதென்றால் 100 கிராமுக்கு 14 சொட்டு வரை போகலாம்.

செய்முறையில் ஒரு மாற்றம். 5 கிராம் இலையை 120 மி.லி. வெந்நீரில் நான்கு நிமிடம் ஊறவைத்து வடிகட்டித் திக்கான டிகாக்‌ஷன் எடுங்கள். 100 மி.லி. பாலைத் தனியே சூடாக்கி, கொதி வருமுன் இறக்கி, நுரை வர அடித்து டிகாக்‌ஷனில் ஊற்றுங்கள். சர்க்கரையோடு இரண்டு சொட்டு வெனிலா எசன்ஸ் சேர்த்தால் அதுதான் கனடாவின் வான்கூவர் கஃபேக்களிலிருந்து பரவிய லண்டன் ஃபாக்.

கேக், பிஸ்கட், பாயசம் வகைகளுக்கு எண்ணெயை நேராக விடாமல், வாசம் ஏறிய இலையை வெதுவெதுப்பான பாலிலோ உருக்கிய வெண்ணெயிலோ 15 நிமிடம் ஊறவைத்து வடிகட்டிச் சேர்ப்பது பாதுகாப்பான வழி. 250 மி.லி. பாலுக்கு இரண்டு டீஸ்பூன் இலை.

எண்ணெய் கிடைக்காவிட்டால்

பெர்கமாட் பழம் நம் சந்தைக்கு வருவதில்லை. ஓரளவு கிட்டத்தில் போக ஒரு வழி இருக்கிறது. தோல் வாசத்தை எலுமிச்சையும் ஆரஞ்சும் தரும். பூ மணத்துக்குக் காரணமான லினலூல், கொத்தமல்லி விதை எண்ணெயில் பாதிக்கும் மேல் இருக்கிறது. 50 கிராம் தேயிலைக்கு இரண்டு எலுமிச்சை, ஒரு ஆரஞ்சு ஆகியவற்றின் தோலைத் துருவி (வெள்ளைப் பகுதி வராமல்), நிழலில் மொறுமொறுவென்று உலர்த்தி, லேசாக நசுக்கிய அரை டீஸ்பூன் வறுக்காத கொத்தமல்லி விதையோடு கலந்து ஐந்து நாள் மூடி வையுங்கள். உலர்ந்த லாவெண்டர் பூ கிடைத்தால் கால் டீஸ்பூன் போதும். அதை எர்ல் கிரே என்று சொல்ல முடியாது, ஆனால் தன்னளவில் குடிக்கத் தகுந்த டீ. தோலில் ஈரம் துளி இருந்தாலும் ஜாடி முழுக்கப் பூஞ்சை பிடிக்கும்.

கெட்டுப்போனதற்கு அடையாளம்

எண்ணெய்ப் பாட்டிலை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, திறந்த ஓராண்டுக்குள் தீர்த்துவிடுங்கள். காற்றுப் பட்ட லிமோனீன் பெயின்ட் கடை டர்பன்டைன் மாதிரி நாற ஆரம்பிக்கும். அந்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள், கலந்து மறைக்க முடியாது. கலந்த தேயிலைக்கு ஆயுள் நான்கு மாதம். கடலோர ஊர்களில் இலை ஈரத்தை இழுப்பதால் பெரிய ஜாடியைத் தினமும் திறக்காமல், ஒரு வாரத்துக்கானதைச் சின்ன டப்பாவில் எடுத்து வையுங்கள். மற்ற டீத்தூளுக்கும் காபித்தூளுக்கும் பக்கத்தில் வைத்தால் அவற்றிலும் இந்த வாசம் ஏறிவிடும். ஃபிளாஸ்கின் ரப்பர் வளையத்திலும் அப்படியே தங்கும், ஆகவே இதற்குத் தனி ஃபிளாஸ்க்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டென், பெர்கமாட்டின் என்ற பொருட்கள் உண்டு. தோலில் பட்டு அதன்மேல் வெயில் விழுந்தால் பெர்காப்டென் தோலைப் புண்ணாக்கி, கறுத்த தழும்பை விடும். கலக்கும்போது கையில் சிந்தினால் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெளியே போங்கள். பெர்கமாட்டின் என்ற பொருள், பம்பளிமாஸுக்கு உறவான கிரேப்ஃப்ரூட்டிலும் இருப்பது. சில மருந்துகள் உடலில் சிதைவதை அது தடுக்கும். கோப்பையில் சேரும் அளவு மிகக் குறைவுதான். என்றாலும் கிரேப்ஃப்ரூட் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாளுக்கு 4 லிட்டர் வரை எர்ல் கிரே குடித்த ஒருவருக்குத் தசைப்பிடிப்பும் பார்வை மங்கலும் வந்து, சாதாரண பிளாக் டீக்கு மாறியதும் சரியானது 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. நாளுக்கு இரண்டு மூன்று கோப்பையோடு நிறுத்திக்கொள்பவர்கள் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் எண்ணெய்ப் பாட்டிலை எசன்ஸ் பாட்டில்களோடு வைக்காமல், பெயர் எழுதி உயரத்தில் தனியே வையுங்கள்.